எண்பதா, ஐம்பத்தைந்தா

என் ஒரே அண்ணனுக்கு,
ஊருக்கெல்லாம் விட்டுக்கொடுத்து, லென்ஸ் விஷயத்தில் மட்டும் என்னிடம் ஒரு நாளும் விட்டுக்கொடுக்காத மகராசனுக்கு,

நேற்றோடு நீ போய் ஒரு வருஷம் முடிந்தது. வீட்டில் ஜெபம் வைத்தோம். போதகர் வந்தார், சித்தப்பா வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அம்மா இரண்டு பாட்டுக்கு மேல் பாட முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். இன்று காலையில் ஸ்டுடியோவைத் திறந்து, பெருக்கக்கூட மனசில்லாமல், உன் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். களைப்பாக இருக்கிறது அண்ணே. தூங்கி எழுந்தால் போகிற களைப்பாகத் தெரியவில்லை.

கடை எப்படிப் போகிறது என்று கேட்பாய். போகிறது. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் திற்பரப்பு அருவிக்குக் கொண்டுபோய் நனைத்து எடுக்கிற வேலைதான் இப்போது அதிகம். போன மாதம் ஒரு மாப்பிள்ளை பாறையில் வழுக்கி விழுந்துவிட்டு, "அக்கா, விழுந்ததையும் ரீல்ஸ்ல போடுங்க" என்கிறான். என்னத்தைச் சொல்ல? போட்டேன்.

உன்னிடம் சொல்ல வந்தது கேமரா விஷயம். சபையில் நூறு பேரை நிறுத்தி எடுத்தாலும் கடைசி வரிசைக்காரனின் முகம் தெளிவாக விழ வேண்டும் என்று சொல்லி, துபாயிலிருந்து வந்த ஒருவரிடம் மீடியம் பார்மட் டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கி வந்தாயே, லென்ஸ் இல்லாமல்! "பாடி கெடச்சாச்சு பிள்ளே. லென்ஸ் மெதுவா வாங்கலாம்" என்றாய். மெதுவாக என்றவன் மூன்றாம் வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய்.

அந்த மூன்று வாரமும் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? நார்மல் லென்ஸ் ஒன்று போதும் என்பதில் நமக்குள் தகராறு இல்லை. எதையும் பக்கத்தில் இழுக்காமலும் தூரத் தள்ளாமலும், நம் கண் பார்க்கிற மாதிரியே பார்க்கிற லென்ஸ். ஆனால் அது எண்பது மில்லிமீட்டர் என்றாய் நீ. நூற்றிருபது பிலிம் ரோல் போட்டு எடுத்த காலத்தில் எண்பதுதான் நார்மல், கர்த்தரே வந்து சொன்னாலும் எண்பதுதான் என்றாய். உன் பிலிம் பெரிது, அதற்கு எண்பது சரி; பிலிமுக்குப் பதிலாக இதில் இருக்கிற சென்சார் சின்னது, மூலைக்கு மூலை அளந்தால் ஐம்பத்தைந்து மில்லிமீட்டர், இதற்கு ஐம்பத்தைந்துதான் நார்மல் என்றேன் நான். "நீ கணக்கு டீச்சராப் போயிருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போனாய். அது பதிலா அண்ணே?

பிறகு ஒரு வருஷம் அந்தக் கேமரா பீரோவில் துணிகளுக்கு நடுவே கிடந்தது. போன வாரம்தான், திருவனந்தபுரத்தில் லென்ஸ் வாடகைக்குத் தருகிற ஒரு கடைக்குப் போன் செய்தேன். "பாடி ஒரு வருஷமா வீட்டுலதான் கெடக்கு, வெளிய எடுக்கவே இல்ல" என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, அடுக்களையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஏட்டி, யாருக்க பாடி? எந்த வீட்டுல?"

கேமராவுக்கும் அப்படித்தான் பேர் என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அம்மா சிரிக்கவில்லை. "அதுக்கு வேற பேரா கெடைக்கல ஒங்களுக்கு?" என்று திரும்பிப் போனாள். இப்போது வீட்டில் எல்லாரும் அதைக் கேமரா என்று மட்டும்தான் சொல்கிறோம்.

எதற்கு இப்போது லென்ஸ்? உன் பெண்டாட்டி, என் மைனி, மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறாள். உன் மகள் ஜெனியையும் கூட்டிக்கொண்டு போகிறாள். செவ்வாய்க்கிழமை விமானம். அதற்குள் ஒரு குடும்பப் போட்டோ எடுத்து அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ஏன் என்று உனக்குத் தெரியுமா? உனக்கு எப்படித் தெரியும், நீ பெட்டிக்குள் கிடந்தாய்.

அதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தை நிறுத்தி ஒரு போட்டோ எடுக்காமல் மூடியைப் போடுவதில்லை. எத்தனை வீட்டில் நான் எடுத்திருக்கிறேன்! அழுகிறவர்களிடமே, "அம்மாவுக்க முகம் மறையுது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று கூசாமல் சொல்லியிருக்கிறேன். உன் அடக்கத்துக்கு வேறொரு ஸ்டுடியோக்காரர் தானே எடுத்துத் தருவதாகச் சொல்லி வந்தார். "எனக்க அண்ணன நான்தான் எடுப்பேன்" என்று அவரைத் திருப்பி அனுப்பினேன். கேமராவைக் கண்ணில் வைத்தேன். தலைமாட்டில் மைனி, கால்மாட்டில் அம்மா. பின்னால் நகர்ந்தேன். இன்னும் நகர்ந்தேன். முற்றத்தைத் தாண்டி, ரப்பர் ஷீட் காயப்போடுகிற கொடி வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டேன். ஆணி அடிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பி வந்தேன்.

அன்றிலிருந்து மைனி என்னிடம் பேசுவதெல்லாம் "சாப்பிட்டியா", "கரண்ட் வந்தாச்சா" என்ற அளவில்தான். எட்டாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த கூட்டுக்காரி அவள். மைனி ஆன பிறகும் எங்களுக்குள் வா, போதான். புருஷனின் கடைசிப் போட்டோவைக் கெடுத்த பாவி என்று என்னை நினைக்கிறாள், ஈடாக நல்ல போட்டோ ஒன்று கொடுத்தால் பழையபடி ஆகிவிடுவாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நேற்று ஜெபம் முடிந்ததும் வீட்டு முன்னால் ஒன்பது பேரை நிறுத்தினேன். வாடகைக்கு வந்த இரண்டு லென்ஸில் முதலில் உன் எண்பதை மாட்டினேன். ஆட்கள் அடங்கவில்லை. கேட் வரைக்கும் போனேன், சித்தப்பா பாதிதான் தெரிந்தார். கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கினேன். பைக்கில் வந்த ஒருவன் ஹார்ன் அடித்து என்னமோ திட்டிவிட்டுப் போனான்.

"ஏட்டி, இனி பஸ் ஏறிப் புதுக்கடை ஜங்ஷன்ல போய் நின்னுதான் எடுப்பியா?" என்று அம்மா கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். மைனி சிரிக்கவில்லை. வரிசையை விட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"முற்றத்துல இத்தன இடம் கெடக்கு. நீ ஏன் ரோட்டுக்குப் போற?"

"இந்த லென்ஸுக்குத் தள்ளி நிக்கணும் மைனி."

"பக்கத்துல நின்னு எடுக்கதுக்கு லென்ஸ் இல்லியா?"

"இருக்கு. பைக்குள்ள இருக்கு."

"பின்னே?"

அண்ணன் எண்பதுதான் சொன்னான் என்று இழுத்தேன்.

"அண்ணன் சொன்னான்! அன்னைக்கும் இப்பிடித்தான் பின்னால பின்னால போன."

"மைனி, அந்தப் போட்டோ... என்னால எடுக்க முடியல. மன்னிச்சிரு."

"எவளுக்கு வேணும் போட்டோ?" ரோடு என்றுகூடப் பார்க்காமல் சத்தம் போட்டாள். "போட்டோ எடுக்கலன்னு சொல்லியா நான் ஒங்கிட்ட பேசாம மிண்டாம இருந்தேன்? அம்மைக்குப் பக்கத்துல சித்தப்பா நின்னாரு. எனக்க பக்கத்துல யாரு நின்னா? இப்ப வருவா, இப்ப வருவான்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன். மூடி போடுகது வரைக்கும் பாத்தேன் பிள்ளே."

வெட்கமாகப் போயிற்று அண்ணே. ஒரு வருஷமாக எடுக்காத போட்டோவுக்காக அழுதிருக்கிறேன், நிற்காமல் போனதற்கு ஒரு சொட்டு அழவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கேள். உனக்கு மரியாதை என்று சொல்லி எண்பதை மாட்டினேனே, அது உனக்காக இல்லை. தள்ளி நிற்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது எனக்கு. உன் பேரை இழுத்துவிட்டேன்.

லென்ஸ் மாற்றும்போது மைனிதான் மூடியைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்தைந்துக்கு முற்றமே போதும். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, டைமர் போட்டு, ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றேன். ஒன்பது பேரும் நன்றாக விழுந்திருக்கிறார்கள். பத்தாவது ஆள் நான் கேமராவைப் பார்க்கவில்லை, ஒரு கண் வேறு மூடியிருக்கிறது. வேறு யாராவது இப்படி நின்றிருந்தால் விடாமல் இன்னொன்று எடுத்திருப்பேன். எடுக்கவில்லை. "இது போதும்" என்றாள் மைனி.

ஆகவே எண்பதைத் திருப்பி அனுப்புகிறேன், ஐம்பத்தைந்தைச் சொந்தமாக வாங்கப் போகிறேன். கோபப்படாதே. சண்டையில் ஜெயித்துவிட்டேன் என்று குதிக்கத் தெம்பில்லை. நீ இருந்து தோற்றிருந்தால் அல்லவா அதில் ருசி?

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்துக்கு நானும் போகிறேன். "கேமராவ எடுத்துக்க. ஜெனி போறத எடுக்கண்டாமா?" என்று அம்மா இப்போதே தொடங்கிவிட்டாள். எடுக்க மாட்டேன். வெறும் கையோடு போய், அவர்கள் உள்ளே போகிற நிமிஷம் வரைக்கும் உன் பெண்டாட்டி பக்கத்தில் நிற்பேன். உள்ளே போன பிறகு அவள் எத்தனை தடவை திரும்பிப் பார்த்தாலும், கடைசித் தடவைக்கும் நான் அங்கேயேதான் நிற்பேன். இது சத்தியம் அண்ணே.

உன் தங்கச்சியும்,
உன் பெண்டாட்டியின் கூட்டுக்காரியுமான
ஷீபா