வெறுங்கையோடு போன நாள்

ஞாயிறு, இரவு.

இந்த வாரம் எங்கள் கிறிஸ்தவ சபையில், நான் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் உலர் உணவுப் பொதி எதுவும் இல்லை. நாவலப்பிட்டிக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது என்று பஸ் ஏறும்வரை தயங்கினேன். அங்கே இருக்கும் சரசு, புருஷன் இறந்த பிறகு கொழுந்து பறித்துத்தான் மூன்று பிள்ளைகளை வளர்க்கிறாள். அவளிடம் விஷயத்தைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

“பொதி கொண்டாந்தா குடுத்துட்டு ஓடிருவீங்க அக்கா. இன்னைக்காச்சும் உக்காருங்க,” என்று ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். கிளம்பும்போது வழக்கம்போல ஜெபிக்கக் கண்ணை மூடினேன். அவள் என் தலையில் கை வைத்தாள்.

“எப்பவும் நீங்கதானே எங்களுக்காகக் கேக்குறீங்க. இன்னைக்கு நான் கேக்குறேன். ஏசப்பா, இந்த அக்கா அழுவுது. சிரிக்க வைங்க.”

பிள்ளைகள் மூவரும் உரக்க “ஆமென்” என்றார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு சீக்கிரம் பதில் கிடைத்த ஜெபத்தை நான் கண்டதே இல்லை.