பாயின்ட் மூணு அஞ்சும் கொஞ்சம் ஜாமும்

மார்ச் 4

பிரித்த ரேஸ் கார் எஞ்சின் மொத்தமும் சாப்பாட்டு மேஜைக்கு வந்தாயிற்று. வீட்டுக்காரர் தட்டும் கையுமாகச் சுவரோரம் நின்று ரொட்டி தின்கிறார். பாவம்தான், என்ன செய்ய? ரேஸ் நெருங்கிவிட்டது. இந்தத் தடவையும் நாத்தனாரிடம் தோற்றால் ஒரு வருஷத்துக்கு அவளை நான் "அக்கா" என்று கூப்பிடணும், அதுவும் எல்லார் எதிரிலும். என்னைவிட ஆறு வயது சின்னவள்! இந்தப் பந்தயத்துக்கு எந்தக் கிறுக்கில் தலையாட்டினேனோ.

மார்ச் 5

இன்று பிஸ்டன் ரிங். முழு வட்டம் இல்லை அது, இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு கேப் இருக்கும். சூடேறினால் ரிங் நீளும். கேப் குறைந்தால் முனைகள் முட்டி ரிங் நொறுங்கும், எஞ்சின் காலி. ரொம்பக் கூடினால் புகை கக்கும், வேகம் வராது.

சிலிண்டருக்குள் ரிங்கை விட்டு, பிஸ்டனால் தள்ளிச் சமமாக உட்காரவைத்து, கேஜிலிருந்து — விசிறி மாதிரி விரியும் மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு கனம் — சரியான தகட்டைக் கேப்பில் நுழைத்துப் பார்க்கிறேன். நுழையவில்லையா, வெளியே எடுத்து ஒரு அராவு. மறுபடி உள்ளே. மறுபடி வெளியே. புத்தகத்தில் பாயின்ட் மூணு அஞ்சு மில்லிமீட்டர். அராவியதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. முதுகு விட்டுப்போய்விட்டது.

மார்ச் 6

நான்கு சிலிண்டரும் முடிந்தது. நான் கெட்டிக்காரிதான்!

மார்ச் 7

ஐயோ. ஐயையோ.

கேஜைத் துடைக்கும்போது தகடு இரண்டாகப் பிரிந்தது. மூணு அஞ்சு தகட்டோடு பாயின்ட் ஒண்ணு தகடும் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நடுவில் சிவப்பாக, பிசுபிசுவென்று — மோந்து பார்த்தேன். ஜாம்!

"என்னங்க, இத எடுத்தீங்களா?"

"அதுவா? குட்டிக் குட்டிக் கத்தின்னு நெனச்சேன். ரொட்டில தடவ வசதியா இருந்துச்சு."

வசதியா இருந்துச்சாம்! கத்தியாம் கத்தி. நான் கத்தின கத்தலில் மேல்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். எல்லா ரிங்கிலும் கேப் கூடிப்போய்ப் பாழ். போச்சு, எல்லாம் போச்சு.

மார்ச் 8

அவரோடு பேச்சு இல்லை.

மார்ச் 9

புது ரிங் வாங்க நம்பர் தேடிப் புத்தகத்தைப் புரட்டினேன். அடுத்த பக்கத்தில் பொடி எழுத்தில் — டர்போ எஞ்சினுக்குச் சூடு அதிகம், அதனால் பாயின்ட் நாலு அஞ்சு. என்னுடையது டர்போ. நான் வைக்கப் பார்த்தது சாதா எஞ்சின் அளவு!

அப்படியானால்? மூணு அஞ்சோடு ஒண்ணு. சந்தேகத்துக்கு விரல் விட்டும் எண்ணினேன். எல்லா ரிங்கையும் மறுபடி அளந்தேன். அச்சுப் பிசகாமல் சரி. அந்த ஜாம் மட்டும் இல்லையென்றால் எஞ்சின் முதல் சுற்றிலேயே வாயைப் பிளந்திருக்கும்.

அவரிடம் சொல்லணுமா? சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நேற்று முழுக்க மனுஷன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெறும் ரொட்டி தின்றதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சொல்லிவிட்டேன்.

மார்ச் 11

சொல்லியிருக்கவே கூடாது. தபால்காரரிடம்கூட, "எஞ்சின் வேலையெல்லாம் நம்ம கைவண்ணம்தான்" என்கிறார்.

மார்ச் 22

பொட்டுப் புகை இல்லை! கடைசி வளைவு வரை நான்தான் முன்னால். நாத்தனார் மூஞ்சி எப்படிப் போயிருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்தேன். ஒரே ஒரு தடவைதான். நிமிர்ந்தால் எதிரே டிராக் இல்லை, புல்.

அவள் ஹாரன் அடித்துக்கொண்டே போனாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அழுதேன்.

மார்ச் 23

"அக்கா." தொண்டையிலேயே நிற்கிறது சனியன்.

ஏப்ரல் 19

காலையில் போன். "அண்ணி, உங்களக் கெஞ்சிக் கேக்கறேன், போதும், விட்டுடுங்க."

நான் கூப்பிடுவதைப் பார்த்து டிராக்கில் எல்லாரும் அவளை அக்கா என்கிறார்களாம், தலை நரைத்த டயர்க்காரர் உட்பட. நேற்று புதிதாக வந்த ஒருவர், பேரன் பேத்தி எத்தனை என்று விசாரித்தாராம்.

"அதெப்படி? பந்தயம்னா பந்தயம்தானே, அக்கா" என்றேன்.