ஐந்து நிமிஷத்துக்குள் பதில்

ஜூன் 4

அக்காவுக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிப்பதுதான் வழக்கம். இந்த முறை அதை விட்டுவிடுகிறேன்.

அவன் வந்து நின்ற அன்றைக்கு உங்கள் தையல் கடையின் பின்வாசல் சந்தில் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஓடி, கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். இப்போது ஒரு பெண்கள் விடுதியில் இருக்கிறேன். சிம்மை உடைத்துப் போட்டாயிற்று. அதனால்தான் காகிதம்.

உங்கள் கடைப் பக்கத்தில் அந்த வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அறையில் என்னோடு இருக்கும் பெண் நேற்று தன் போனை நீட்டி, "இது உங்க கை மாதிரியே இருக்கே!" என்றாள். நான் சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் வேகத்தைக் காட்ட நீங்கள் எடுத்தது. "மூஞ்சி வராது, கை மட்டும்தான்" என்றீர்கள். இடது மணிக்கட்டில் இருக்கும் சூட்டுத் தழும்பு பளிச்சென்று தெரிகிறது. சூடு வைத்தவனுக்கு அது அடையாளம் தெரியாதா?

வீடியோவை அழியுங்கள். மறைத்து வைப்பது வேறு, அழிப்பது வேறு. போடுகிற படத்தோடு கடை இருக்கும் இடமும் சேர்ந்து போகிற வசதியை நிறுத்துங்கள். வாடிக்கையாளர் குரூப்பில் என் நம்பர் கிடக்கும், எடுத்துவிடுங்கள்.

ஒன்றுதான் விளங்கவில்லை. வீடியோவைப் பார்த்துக் கடையைக் கண்டுபிடிக்கலாம். நான் எத்தனை மணிக்கு வருவேன், எந்த மூலையில் உட்காருவேன் என்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது?

பதில் போட விடுதி முகவரி கீழே இருக்கிறது. யாரிடமும் காட்டாதீர்கள். இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காஜா மெஷின்காரி

---

ஜூன் 10

ஓடிப்போன மகராசிக்கு,

இருக்கிறாயா செத்தாயா என்று தெரியாமல் பத்து நாள் நான் இங்கே தவித்தேன். கடைசியில் கடிதம் வந்தால் அதில் எனக்குப் பாடம்!

அன்றைக்கு உன் புருஷன் ஆளுயரக் கண்ணாடியை உடைத்தான். துணி ரேக்கைக் கவிழ்த்தான். "அப்படி யாரும் இங்க இல்ல, வெளிய போய்யா" என்று நான் வாசலை மறித்து நின்றதால்தான் நீ பின்பக்கம் போக முடிந்தது. என் தோள்பட்டையை இன்னும் தூக்க முடியவில்லை. அதைப் பற்றி ஒரு வரி உண்டா உன் கடிதத்தில்?

வேலைக்குச் சேர்ந்தபோது என்ன சொன்னாய்? "வீட்டுக்காரரோட ஒத்துவரல அக்கா, நான் இங்க இருக்கேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." அவ்வளவுதானே? எந்த வீட்டில் ஒத்துவருகிறது? இப்படிப்பட்டவன் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டாமா? சூட்டைக்கூட இஸ்திரிப் பெட்டி பட்டது என்றுதான் சொன்னாய்.

மூன்று வருஷம் ஈ ஓட்டிய கடை இது. போனில் வியாபாரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்த வகுப்பில் சொன்னதை அப்படியே செய்தேன். முப்பது விநாடிக்குள் முடி, கடை வாசலைக் காட்டு, இடத்தைப் போடு, யார் என்ன கேட்டாலும் ஐந்து நிமிஷத்துக்குள் பதில் கொடு. நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். பள்ளிச் சீருடை ஆர்டர் வந்ததே அதைப் பார்த்துத்தான். முந்நூறு சட்டை காஜா இல்லாமல் குவிந்து கிடக்க, தலைமையாசிரியை அம்மா தினமும் போனில் என்னை வறுத்தெடுக்கிறார். இந்த நிலைமையில் அழி என்கிறாய். மணிக்கட்டை மட்டும் மங்கலாக்கச் சொல்லியிருக்கிறேன். அது போதும்.

நேரம் எப்படித் தெரிந்தது என்றால் எனக்கென்ன தெரியும்? எதிரே நின்று நோட்டம் விட்டிருப்பான்.

அக்கா

---

ஜூன் 17

கடைக்காரம்மாவுக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

நீங்கள் வாசலை மறித்தது எனக்குத் தெரியும். அதை மறக்கவில்லை. அதனால்தான் போன கடிதத்தில் தெரியாதவள் மாதிரி கேட்டேன். நான்தான் சொன்னேன் என்று நீங்களே ஒரு வரி எழுதுவீர்கள் என்று பார்த்தேன்.

நான் பஸ்ஸில் போகும்போது உங்கள் குரூப்பிலிருந்து எடுத்த என் நம்பருக்கு அவன் ஒரு படம் அனுப்பினான். அதைப் பார்த்துத்தான் சிம்மை உடைத்தேன். ரோஜாப்பூ படம் போட்ட ஒரு பெண் பெயரிலிருந்து உங்கள் கடைக்கு வந்த மெசேஜ்: "வீடியோல இருக்கறவங்க என் ஸ்கூல் ஃப்ரெண்டு மாதிரி இருக்காங்க. திடீர்னு வந்து நிக்கணும். எப்ப இருப்பாங்க?" அதன் கீழே உங்கள் பதில்: "வாங்க வாங்க! ஒன்பதுலருந்து ஆறு வரைக்கும் இருப்பா. பின்னாடி ஜன்னலோரம்தான் அவ மெஷின். அவகிட்ட நான் சொல்ல மாட்டேன்!" பக்கத்தில் மூன்று சிரிக்கும் பொம்மைகள்.

மெசேஜ் வந்தது பத்து இருபதுக்கு. நீங்கள் பதில் போட்டது பத்து இருபத்திரண்டுக்கு. உங்கள் வகுப்பில் முதல் மார்க் உங்களுக்குத்தான்.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நான் கேட்டது ஒன்றே ஒன்று. காரணத்தை விவரமாகச் சொன்னால்தான் வாயைக் கட்டுவீர்களா? மணிக்கட்டை மங்கலாக்குகிறீர்களாம். உங்கள் வாயை எதை வைத்து மங்கலாக்குவது?

இனி எழுத மாட்டேன்.

---

ஜூன் 29

உன்னை எப்படிக் கூப்பிட்டு ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மேலே வெறுமனே விட்டிருக்கிறேன்.

நான்தான் சொன்னேன். அவன் கடைக்குள் நுழைந்து என் பதிலையே என் முகத்துக்கு நேரே நீட்டினான். அப்போதே தெரியும். உனக்கு எழுதும்போது மறைத்தேன். உன்மேல் எரிந்து விழுந்தால் அது மறைந்துவிடும் என்று நினைத்தேன்.

வீடியோவை அழித்துவிட்டேன். அழித்தாலும் போகவில்லை. ஐந்து பேர் அதை இறக்கித் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எழுதிக் கெஞ்சினேன். நான்கு பேர் எடுத்துவிட்டார்கள். ஒருத்தன் சிரிக்கும் பொம்மை அனுப்பினான். அவன் பதிவைப் பற்றி அந்த வீடியோ தளத்தை நடத்தும் நிறுவனத்துக்குப் புகார் கொடுத்தேன். இரண்டு நாளில் அதுவும் போனது. உன் நம்பரையும் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

என்னை அவ்வளவு முட்டாள் என்று நினைத்தானோ என்னவோ, செவ்வாய்க்கிழமை ரோஜாப்பூ மறுபடியும் வந்தது. "அவங்க புது அட்ரஸ் கிடைக்குமா? ஒரு கல்யாணப் பத்திரிகை அனுப்பணும்." உன் கடிதம் அப்போது என் மேஜைமேலேயே இருந்தது. பழக்கதோஷம், "வணக்கம்" என்று என் விரல் அடித்தேவிட்டது. அனுப்புவதற்குள் அதைப் பார்த்துப் போனைத் துணிக் குவியலில் எறிந்தேன்.

பிறகு பேசாமல் அவன் மெசேஜ் இனி வராதபடி தடுத்திருப்பேன். முதலில் எல்லாவற்றையும் படம் பிடித்து வைக்கத் தோன்றியது நல்லதாயிற்று. காவல் நிலையத்துக்கு எடுத்துப் போனேன். "அவன்கிட்ட நேரத்தைச் சொன்னது யாரும்மா?" என்று எழுத்தர் கேட்டார். "நான்தான் சார்" என்றேன். "சத்தமா சொல்லுங்க, எழுதணும்" என்றார். சத்தமாகச் சொன்னேன். அந்தப் புகாரின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு எங்காவது தேவைப்படும்.

என்மேல் உனக்கு இருக்கும் கோபத்தைக் குறைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. உன்மேல் எனக்கும் கொஞ்சம் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி என்று சொன்னாயே. ஆனால் நீ நிஜத்தைச் சொல்லியிருந்தாலும் நான் பதில் போட்டிருப்பேனோ என்று யோசித்துப் பார்த்தேன். போட்டிருக்க மாட்டேன் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

உன் கடிதங்களை எரித்துவிட்டேன். முகவரியைக் குறித்த துண்டுத்தாள் மட்டும் பாக்கி. உறைமேல் எழுதியதும் அதுவும் போய்விடும். ஆனால் எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது. என்ன செய்தாலும் மறக்கவில்லை.

அதனால் அந்த விடுதியிலிருந்து கிளம்பிவிடு. எங்கே போகிறாய் என்று எனக்கு மட்டும் எழுதாதே.

அக்கா