பரிசத்தன்று பெய்யாத மழை

மகன் தவராசாவுக்கு அம்மா எழுதுவது. கொழும்பில் நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

"மழையில பலாங்கொடை ரோட்டு சரிஞ்சிருச்சு, பரிசத்துக்கு வராதீங்கம்மா" என்றாய். பேத்தியின் பரிசத்துக்கு வராமல் இங்கே பாத்திரம் கழுவினேன்.

நான் வேலை செய்யும் இந்த வீட்டு மகளுக்கு வானிலை செயற்கைக்கோள் படம் பார்க்கிற வேலை. புதுக் கேமராவில் எந்த மலைக்கு மேல் மேகம் நிற்கிறது என்றுகூடத் தனித்தனியாகத் தெரியுமாம். நீங்கள் நனைந்த மழையைப் பார்க்கக் கேட்டேன்.

"அந்த வாரம் உங்க பக்கம் மேகமே இல்லையே பாட்டி" என்றாள்.

சம்பந்தி முன்னால் வீட்டுவேலைக்காரி நிற்கக்கூடாது என்றால் அதையே சொல்லியிருக்கலாம். உன் பெரியப்பன் என்னைக் கூப்பிடாமல் உனக்குக் காது குத்தியதையே நான் மறக்கவில்லை.

என் கம்பளிச் சட்டையை பஸ்ஸில் கொடுத்துவிடு, இங்கே ஏசி குளிர். கல்யாணத்துக்கு நீ கூப்பிட வேண்டாம். நானே வந்து சம்பந்தி பக்கத்தில் உட்காருவேன்.

வேலைக்குக் கூப்பிட்டு மணி அடிக்கிறார்கள், போகிறேன்.

அம்மா