விபத்தில்லா நாட்கள்: 71

ஜூலை 14, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில். படப்பையிலிருந்து ஒரகடம் வரை லாரிக்குப் பின்னால் லாரி. பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் முகம் முழுக்கப் புழுதி. துப்பட்டாவைச் சுற்றியும் பயனில்லை.

வேலை: எட்டாவது வார வலிப் படிவம் வாங்குவது. பெண்கள் கபடி அணி, பதினான்கு பேர். படிவத்தில் ஒரே கேள்விதான். இந்த வாரம் எங்கே வலித்தது, எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள். பதினான்கு பேரும் பூஜ்யம். எட்டு வாரமாகவே பூஜ்யம். வளரும் பிள்ளைகளின் விளையாட்டுக் காயங்கள் என்று ஆய்வுக்குத் தலைப்பு வைத்துக்கொண்டு, காயமே படாத அணியிடம் வந்து மாட்டியிருக்கிறேன்.

ஸ்டோர் ரூம் சுவரில் ஒரு கரும்பலகை. மேலே பெயிண்டில் ‘விபத்தில்லா நாட்கள்’. கீழே சாக்பீஸில் 71. இந்தப் பிள்ளைகளின் அம்மா அப்பாக்களில் பாதிப் பேர் கம்பெனி ஆட்கள். கம்பெனி கேட்டில் இப்படி ஒரு போர்டு இருக்குமாம். யாருக்காவது அடிபட்டால் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். அதைப் பார்த்துப் பிள்ளைகளே இங்கும் மாட்டிவிட்டார்கள். நூறு வந்தால் பி.டி. டீச்சர் ஸ்டெல்லா மிஸ் பிரியாணி போடுவதாக வாக்கு. எனக்கு ஒரே பெருமை. போட்டோ எடுத்து என் ஆய்வு கைடுக்கு அனுப்பினேன், கூடவே நாலு வரிப் பாராட்டு.

பவித்ரா (இனி ப.). ஒன்பதாம் வகுப்பு, கேப்டன், முக்கிய ரெய்டர். சனிக்கிழமை மண்டலப் போட்டி. அதில் நன்றாக ஆடினால்தான் மாவட்டத் தேர்வு. அவள் பாடிக்கொண்டு உள்ளே நுழைந்தால் எதிரே நிற்பவர்கள் தானாகவே இரண்டடி பின்னால் போகிறார்கள். கால் கட்டைவிரலால் ஒருத்தியைத் தொட்டுவிட்டு, நாலு கைகளுக்கு நடுவில் வளைந்து கோட்டுக்கு வந்துவிட்டாள். நான் குறிப்பு எழுதுவதை மறந்து கை தட்டினேன். ஆராய்ச்சியாளர் லட்சணம்!

வாங்க: பால், அளவு டேப், இண்டிகேட்டர் பல்பு.

ஜூலை 15, செவ்வாய்

கைடு போன். “பதினாலு வளர்ற புள்ளைங்க, எட்டு வாரம், கட்டாந்தரைல கபடி. ஒரு வலி கூட இல்லைன்னா உங்களுக்கே சந்தேகம் வரலையாம்மா?” வரவில்லை என்று எப்படிச் சொல்வது. இன்று மாலையே எல்லோரையும் சோதித்துப் பார்க்கிறேன் என்றேன்.

மாலை எல்லோருக்கும் ஒற்றைக்கால் குதிப்பு, பத்து முறை. ப. இடது கால் சரி. வலது காலில் மூன்றாவது குதிப்பிலேயே தேவைக்கு மேல் சிரிப்பு. பரீட்சையில் தெரியாத கேள்வி வந்தால் நானும் இப்படித்தான் சிரிப்பேன். உட்காரவைத்து முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவு இடம். சத்தமே இல்லை. ஆனால் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள்.

“வலிக்குதா?”

“இல்ல மிஸ். கூச்சம்.”

அந்த எலும்பில் யாருக்கும் கூச்சம் கிடையாது. மயிரிழை விரிசலாக இருக்கலாம். ஓய்வே இல்லாமல் அடி வாங்கினால் எலும்பில் அப்படி விழும். ஓய்வு கொடுத்தால் தானே கூடிவிடும். அதோடு ஓடி ஆடினால் முறிந்தும் போகும். பயமாக இருக்கிறது.

ஜூலை 16, புதன்

நேற்று இரவு மழை. மைதானம் சேறு, பயிற்சி இல்லை. இண்டிகேட்டர் பல்பு மாற்றியாகிவிட்டது.

சைக்கிள் ஸ்டாண்டில் ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அணியின் குரல்கள்:

“எனுக்கு கைய மேல தூக்கவே முடியலடி.”

“ஏய், எவளாச்சும் அந்த மிஸ்கிட்ட வாயத் தொறந்தீங்க, அவ்ளோதான். போர்டு சைபர் ஆயிடும்.”

“கேப்டன் காலு வீங்கிக்கினு கீது. அவளே கம்முனு கீறா. உனுக்கு இன்னா?”

அப்படியே நின்றுவிட்டேன். எட்டு வாரப் படிவமும் வெறும் காகிதம். கோபம்கூட வரவில்லை. முதலில் வந்தது வியப்புதான். பதினான்கு பேரில் இத்தனை நாள் ஒருத்திகூட வாய் தவறவில்லை! அப்புறம்தான் அந்த வீங்கிய கால் நினைவுக்கு வந்தது.

ப.வைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மூன்று வாரமாக வலியாம். “சனிக்கெழம மட்டும் ஆடிக்கிறேன் மிஸ். அப்பறம் நீங்க இன்னா சொன்னாலும் கேக்குறேன்.” படிவத்தில் இருப்பதை வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இது வாக்கைக் காப்பாற்றும் விஷயம் இல்லை, காலைக் காப்பாற்றும் விஷயம் என்றேன். அம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும். நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா? வலது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அது அழுதுடும்.”

ஜூலை 17, வியாழன்

மாலை ப. வீடு. அம்மா செல்வி, கார் வயரிங் கம்பெனியில் அசெம்ப்ளி லைன் வேலை. ஃபர்ஸ்ட் ஷிப்டும், அதற்கு மேல் ஓ.டி. என்று கூடுதல் நேர வேலையும் முடிந்து வந்து யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. எனக்கு டீயும் முறுக்கும். நல்ல முறுக்கு.

சொன்னேன். அழவில்லை. மகளைத் திட்டவும் இல்லை. என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றிவிட்டுச் சொன்னார்:

“எங்க கம்பெனிலயும் இப்டித்தான் மேடம். இன்னாவாச்சும் பட்டுச்சுன்னா கர்ச்சீப்ப சுத்திக்கினு நிப்போம். போர்டு ஜீரோ ஆச்சுன்னா லைனே நம்மளத்தான் பாக்கும். எதுக்கு வம்பு?”

சொல்லிக்கொண்டே இடது கட்டைவிரலைக் காட்டினார். நகத்தின் நடுவில் கருப்பாய் ஒரு புள்ளி. மிஷின் ஊசி நகத்துக்குள் போய் வெளியே வந்ததாம். வீட்டில்கூட யாரிடமும் சொல்லவில்லை.

ப. அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். நேராக வந்து அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எப்பம்மா? ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ சொன்னியாடி?”

ப. அந்த விரலை விடவில்லை. நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது செல்வி, “நாளைக்கு மத்தியானம் பெர்மிஷன் போட்டுட்டு ஸ்கேனுக்கு வரேன் மேடம். சூப்பர்வைசர் மொறைச்சா மொறைச்சிக்கட்டும்” என்றார். இந்த அம்மாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

காலைப் பயிற்சி. நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் ப. கரும்பலகைக்குப் போய் 75-ஐ உள்ளங்கையால் அழித்தாள். சைபர் போட்டாள். அணியே வாயைப் பிளந்தது. “எனுக்கு மூணு வாரமா காலு வலி. நாளைக்கு நான் ஆடல. வேற எவளுக்கு இன்னா கீது, சொல்லுங்க.”

புதன்கிழமை சுவருக்குப் பின்னால் புலம்பிய தோள்பட்டைக்காரி கையைத் தூக்கப் பார்த்தாள், பாதிதான் போனது. அதைப் பார்த்து யாரோ சிரிக்க, அதோடு எல்லோர் வாயும் திறந்தது. எழுதிக்கொண்டேன்:

தோள் – 2
கணுக்கால் – 3
விரல் பிசகு – 1 (தானே இழுத்துக் கட்டியது!)
குதிகால் – 2
முட்டி – நிறைய

ஸ்டெல்லா மிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “நான் பிரியாணின்னு சொன்னதாலதானா?” என்று என்னைக் கேட்டார். அதே போர்டைப் பார்த்துப் பெருமைப்பட்டவள் நான். அவர் உடனே பேப்பரை எடுத்து நாளைய அணியை மாற்றி எழுத ஆரம்பித்தார். ஒரு வார்த்தை தர்க்கம் இல்லை. மனசுக்குள் கும்பிட்டேன்.

மாலை ஸ்கேன். விரிசல்தான். முழுக்கப் போகவில்லை. டாக்டர்: “நாளைக்கு ஆடியிருந்தா இது ரெண்டாப் போயிருக்கும். இப்ப கட்டு வேணாம், ஆபரேஷன் வேணாம். ஆறு வாரம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. அவ்வளவுதான்.” செல்வி வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு அப்போதுதான் அழுதார்.

ஜூலை 19, சனி

மேகமூட்டம், காற்று இல்லை. மைதானம் தண்டலம் பக்கம். வேனில் பதினான்கு பிள்ளைகள், ஸ்டெல்லா மிஸ், நான், ஐஸ் பெட்டி, வாழைப்பழம் இரண்டு சீப்பு.

எதிரணிப் பெண் ஒருத்தி, “இன்னா, உங்க ரெய்டர் பயந்துட்டாளா?” என்றாள். ப. உட்கார்ந்த இடத்திலிருந்தே, “கால் எலும்புல விரிசல். ஆறு வாரம்” என்று மைதானத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசி இரண்டு நிமிடம், மூன்று புள்ளி பின்னால். ப. தன்னையறியாமல் எழுந்தாள். ஸ்டெல்லா மிஸ் பார்த்தார், நானும் பார்த்தேன். இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தானே உட்கார்ந்தாள். யாரைப் பிடி, எங்கே நில் என்று கத்திக் கத்தி ஆட்டம் சொன்னாள். தொண்டை கட்டிவிட்டது. இரண்டு புள்ளியில் தோல்வி.

திரும்பும்போது வேனில் என் பக்கத்தில். அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, வாழைப்பழம் தின்றுவிட்டுக் கேட்டாள்:

“ஆறு வாரம்னா நாப்பத்திரண்டு நாளா மிஸ்? இல்ல, ஞாயித்துக்கெழம லீவ கழிச்சிக்கணுமா?”

“எலும்புக்கு லீவு எல்லாம் கிடையாதுடி. தினம் வேலை பார்க்கும்.”

விரலை மடக்கி எண்ணினாள்.

“அப்ப ஓ.டி. பாக்குமா மிஸ்?”

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதிலுக்காக.