பழத்தை எடுத்த போட்டோ

8.7.2003, செவ்வாய்
காலையிலிருந்து சாரல். எதிர்க்கடை தெரியவில்லை. ஸ்கேனர் கண்ணாடியில் ஈரம், மூன்று முறை துடைத்தாயிற்று. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.

என் வீட்டுக்காரர் கல்யாண போட்டோ எடுக்க அடிவாரம் போயிருக்கிறார். ஞாயிறுதான் வருவார். அதுவரை ஸ்டூடியோ, கம்ப்யூட்டர் எல்லாம் என் பொறுப்பு. நல்லதுதான், கேட்பாரில்லாமல் கனவு காணலாம்.

இன்று போட்டோக்களில் அழித்தவை: மாப்பிள்ளை நெற்றியில் பரு. அருவிக்கரையில் யாரோ காயப்போட்ட லுங்கி. குரூப் போட்டோவில் புகுந்த நாய். நாயை அழித்ததில் மட்டும் வருத்தம். அது ஒன்றுதான் கேமராவை நேராகப் பார்த்திருந்தது.

சாயங்காலம், இதே மலையில் குண்டூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியிலிருந்து செல்வராசு என்று ஒருவர். சேலத்தில் ஆபீஸ் வேலை. அப்பா போன வாரம் தவறிவிட்டாராம். இருப்பது ஒரே ஒரு போட்டோ. ஞாயிறு காரியத்துக்குப் பெரிதாக்கி ஃபிரேம் போட வேண்டும். படத்தில் பெரியவர் இடது தோளில் பெரிய பலாப்பழம், முகம் நிறையச் சிரிப்பு.

"ஏனுங்க, இந்தப் பழத்தை மட்டும் எடுத்துருங்க. ஆபீஸ்ல இருந்தெல்லாம் வாராங்க. மாலை போடற படத்துல பழம் எதுக்குங்க?"

எடுத்துவிடலாம் என்றேன். வாய்க்கு என்ன, சொல்லிவிடும்.

9.7, புதன்
மூடுபனி கடைக்குள்ளேயே வந்துவிட்டது. அழிப்பது என்று பேர்தான். உண்மையில் பக்கத்தில் இருப்பதைக் கொஞ்சம் எடுத்து மேலே பூசுவது. வானத்துக்கு வானம், சட்டைக்குச் சட்டை. ஆனால் பழம் மறைத்திருந்தது இடது காதை முழுதாக. காதுக்குப் பக்கத்தில் காது ஏது? வலது காதை வெட்டி, திருப்பி, ஒட்டினேன். கடுக்கனோடு. கச்சிதம். என் முதுகில் நானே தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே மின்கம்பம் போனது, பிறகு டீக்கடை, பிறகு நின்றிருந்த பஸ். பனி என்னைவிட நேர்த்தி, ஓரமே தெரியவில்லை. பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் இருந்தேனோ. சோறு அடிபிடித்துவிட்டது.

10.7, வியாழன்
விடியற்காலைக் கனவு. அம்மா வீட்டு வாசலை யாரோ அழித்திருந்தார்கள். சுவர் வழியாகவே உள்ளே போனேன். "சாப்பிட்டியாம்மா?" என்றார் அம்மா, ஒன்றும் நடக்காததுபோல.

பிரிண்ட் நன்றாக வந்தது. வீட்டில் மசாலாப்பொடி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

11.7, வெள்ளி
செல்வராசு தன் அம்மாவோடு வந்தார். "அப்பாவ ஆபீசர் மாதிரி ஆக்கிப்போட்டீங்க!" அவருக்கு ஒரே சந்தோஷம்.

அவருடைய அம்மா நான் ஒட்டிய காதில் விரலை வைத்தார்.

"இது யாரு, சாமி?"

"அப்பாதாம்மா."

"உங்கொப்பனுக்கு இந்தக் காது ஏது? கண்ணாலத்துக்கு முன்னயே கரடி கிழிச்சுப்போட்டுதே."

செல்வராசு கீழே பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு முகமெல்லாம் சுட்டது. கிழிந்த காதாகவே செய்து தருகிறேன் என்று என்னென்னவோ உளறினேன்.

"வேண்டாங் கண்ணு. காது தெரியக் கூடாதுன்னுதான் அவரு பழத்தத் தூக்கித் தோள்ல வெச்சாரு. அவரு மறைச்சத நாம எதுக்குத் தொறக்கோணும்? பழத்தோடயே குடுங்க."

நான் ஒரு நாள் முழுக்கச் செய்த வேலையை அந்த மனிதர் ஒரு நொடியில், சிரித்துக்கொண்டே செய்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. பெரியவரைப் பிடித்தும் போயிற்று.

12.7, சனி
சாரல் விட்டுவிட்டது. பழத்தோடு புது பிரிண்ட், ஃபிரேம் தயார். செல்வராசு தனியாக வந்தார். வாங்கியவர் கிளம்பவில்லை.

"இந்தப் போட்டோவ எடுத்ததே நானுங்க. மொத வேலை கெடச்சப்ப, கூட்டாளிகிட்ட கேமரா வாங்கிட்டு வந்து."

நல்லா இருக்குங்க என்றேன்.

"மூணாவது படிக்கறப்ப அப்பா ஸ்கூலுக்கு வந்தாருங்க. பசங்க காதப் பாத்துச் சிரிச்சாங்க. இனிமே வராதீங்கன்னு அழுதேன். அப்புறம் வரவே இல்லீங்க. எங்கூட நடந்தாலும் அந்தப் பக்கத்த எனக்குக் காட்ட மாட்டாரு."

படத்தில் பழத்தின் மேல் விரலை வைத்தார்.

"கேமராவ எடுத்ததும் ஓடிப்போய்ப் பழத்தத் தூக்கிட்டு வந்தாருங்க. வெளையாட்டுக்குன்னு நெனச்சேன்."

ஃபிரேமைத் தாளில் சுற்றிக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு பஸ் வரும்வரை கடையிலேயே உட்கார்ந்திருந்தார்.