உள்ளேயிருந்து திறக்காத தாழ்ப்பாள்

மார்ச் 3, செவ்வாய்
நான் படித்துப் பதிவு செய்து அனுப்பிய நாவல் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்துவிட்டது. பன்னிரண்டாம் நிமிடத்தில் குக்கர் விசில், இருபதில் ஸ்கூட்டர். ஒலிப்புத்தக நிறுவனத்துப் பெண் தன்மையாகத்தான் சொன்னாள்: "குரல் நல்லா இருக்குங்க. வீடுதான் சரியில்ல."
பின்னறையை ஒலிப்பதிவு அறையாக்க வேண்டியதுதான். ஆனால் அது அத்தையின் அறை.

மார்ச் 5
தன் அம்மாவிடம் கேட்க என் கணவருக்குத் துணிச்சல் இல்லை. நானே காதருகில் குனிந்து இரண்டு முறை கேட்டேன். அத்தைக்குப் பத்து வருடமாகக் காது மந்தம். வாங்கிக் கொடுத்த கருவி அலமாரியில் தூங்குகிறது.
"சத்தமில்லாத எடம் வேணும்னா என் காதுக்குள்ள போய் உக்காரு" என்றார்.
சாயங்காலம் பார்த்தால், துணிமணியைத் தானே மூட்டை கட்டி முன்னறைக்குப் போய்விட்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 19
சுவரில் ஒலித்தடுப்புப் பலகை அடித்து முடிந்தது. கதவுதான் தலைவலி. தச்சர் உள்ளே ரேடியோவை அலறவிட்டு, வெளியே கதவோரமாகக் காதை வைத்துத் தேடினார். "தண்ணி கசியற மாதிரிதாம்மா. நூலளவு சந்து போதும்." நிலையைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினோம். காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்ப்பது என் வேலை. உருவிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி. கீல் பக்கம் பிடித்தது. மறுபக்கம் ஏழு இடத்தில் வழுக்கியது.

மார்ச் 20
சாதாரணத் தாழ்ப்பாள் பூட்டும், இறுக்காது. தச்சர் பழைய ஐஸ் கிடங்கில் கழற்றிய இரும்புத் தாழ்ப்பாளைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு கைப்பிடி, வெளியே ஒன்று, நடுவில் கம்பி. அழுத்தினால் கதவு ரப்பரில் போய்ப் புதைகிறது. காகிதம் கிழிந்ததே தவிர வரவில்லை.

மார்ச் 24
எட்டு அத்தியாயம் முடித்தேன். அத்தை இன்னும் பேசவில்லை.

மார்ச் 27, வெள்ளி
இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.
பத்து மணிக்கு உள்ளே போனேன். கணவர் வேலைக்குப் போய்விட்டார். மைக்கில் இரைகிறது என்று போனை எப்போதும் வெளியே வைத்துவிடுவேன். பதினொன்றரைக்குத் திறக்கப் போனால் கைப்பிடி வெறுமனே ஆடியது. கம்பி கூடவே அசைந்தது, தாழ்ப்பாளைத் தூக்கவில்லை; உள்ளே திருகு கழன்றிருக்க வேண்டும்.
தட்டினேன். கத்தினேன். யாருக்குக் கேட்கும்? கேட்கக் கூடாது என்றுதானே இத்தனையும் செய்தேன்! அறைக்குள் காற்றை இழுக்கும் காற்றாடிப் பெட்டி அடுத்த வாரம்தான் வருவதாக இருந்தது. வியர்த்து வழிந்தது, தலை சுற்றியது. வீட்டில் இருந்தது அத்தை மட்டும். அவருக்குக் கதவு இல்லாவிட்டாலும் கேட்காது. ஐயோ, சாயங்காலம் வரை தாங்குவேனா?
அப்படியும் கைப்பிடியை விடவில்லை. ஆட்டிக்கொண்டே இருந்தேன்.
திடீரென்று கதவு அதிர்ந்தது. ஒருமுறை, இருமுறை. திறந்தபோது அத்தை அம்மிக் குழவியோடு நின்றார். வெளிக்கைப்பிடியை அதைக்கொண்டு அடித்துத் தூக்கியிருக்கிறார்.
"எப்படித் தெரிஞ்சுது அத்தை?"
"சாப்பிட வரலியேன்னு பாத்தேன். வெளிப்பிடி தந்தி அடிச்சுகிட்டு இருந்துச்சு. எனக்குக் காதுதான் போச்சு, கண்ணு எங்க போச்சு?"
அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன். "சரி சரி, சோறு ஆறுது" என்றார்.

மார்ச் 28
தச்சர் வந்து, கம்பி இனிக் கழலாதபடி குறுக்காணி போட்டார். காற்றாடிப் பெட்டி வந்த பிறகுதான் இனிப் பதிவு. கதவில் கண்ணாடியும் வேண்டும் என்றேன். "சத்தம் கசியுமே?" "பரவால்ல. ரெட்டைக் கண்ணாடியா போடுங்க."
ராத்திரி அத்தையிடம், அறையைத் திருப்பித் தந்துவிடவா என்று கேட்டேன். "கட்டினதுக்கப்புறம் கேக்கறியா?" என்றார். சிரித்த மாதிரிதான் இருந்தது.

ஏப்ரல் 9
நாவலின் கடைசி அத்தியாயம். நான் படிக்கும்போது அத்தை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். பாதியில் கண்ணாடியை டொக்கென்று தட்டினார். பதறிப்போய்த் திறந்தேன்.
"குனிஞ்சு படிக்காத. வாய் தெரியல. கதையில அந்தப் பொண்ணு வீட்டுக்குத் திரும்பிப் போனாளா, இல்லியா?"
அந்த இடத்துப் பதிவு முழுவதும் பாழ். நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு, அத்தியாயத்தை முதலிலிருந்து படித்தேன்.